மேடையில் சொன்ன நம்பர்

ஜூலை 8, திங்கள்

டீலர் மாநாட்டுக்கு இந்த வருஷம் வெளியிலிருந்து தொகுப்பாளர் பிடிக்க வேண்டுமாம். என் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்? பந்தலிலிருந்து பல்குத்தும் குச்சி வரை இந்தக் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் மரகதம்தான்.

எம்.டி. தம்பி கூப்பிட்டுச் சொன்னார். பெரியவர் படுக்கையில் விழுந்த பிறகு மகன்தான் எம்.டி. என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். மற்றபடி அப்பனைவிடக் கெட்டி.

"மரகதக்கா, போன வருஷம் நம்ம அக்கவுண்ட்ஸ் சார் மைக் புடிச்சாருங்களே, பாத்தீங்கல்ல? உறுதி சொல்ற நேரத்துல பாதிப் பேரு பிரியாணிக்கு எந்திரிச்சுப் போயிட்டாங்க. இந்தத் தடவை நல்ல புரொபஷனல் ஆளாப் பாருங்க. கூட்டத்தைத் தூக்கி நிறுத்தற ஆளு வேணும்."

எங்கள் மாநாட்டில் உறுதி சொல்வதுதான் உயிர். மற்றதெல்லாம் ஒப்புக்கு. டீலர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, இந்த வருஷம் எத்தனை பம்ப்செட் எடுப்பீர்கள் என்று மைக்கிலேயே கேட்போம். அவர் ஒரு நம்பர் சொல்வார். உடனே சால்வை, கைதட்டல், போட்டோ. எழுதி வாங்குவது கிடையாது. மேடையில் சொன்னது சொன்னதுதான். அடுத்த வாரமே சரக்கு கிளம்பிவிடும். விற்றாலும் விற்காவிட்டாலும் அவர் பாடு.

இந்த வருஷம் மழை நன்றாக இருக்கிறது. ஊரெல்லாம் சந்தோஷம், பம்ப் கம்பெனிக்காரனுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். கிணற்றில் தண்ணீர் ததும்பும்போது எவன் போர் போட்டு மோட்டார் வாங்குவான்? தூக்கி நிறுத்தும் ஆள் இந்த வருஷம் பார்த்து ஏன் தேவைப்படுகிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்து என்ன செய்ய, ஆளைத் தேடுவோம்.

ஜூலை 11, வியாழன்

இரண்டு பேரைப் பார்த்தாயிற்று.

முதலில் ஒரு பெண், டிவியில் வந்திருக்கிறாளாம். "ஹாய் கோயமுத்தூர்ர்ர்" என்று என் கேபினிலேயே கத்திக் காட்டினாள். பக்கத்து அறையிலிருந்து ஆடிட்டர் எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அடுத்தது ஒரு ஆள். வாயைத் திறந்தால் பொண்டாட்டி ஜோக். ஆறு ஜோக் சொன்னான், ஆறிலும் பூரிக்கட்டை. எங்கள் டீலர்களில் பாதிப் பேர் குடும்பத்தோடு வருவார்கள் என்றேன். "அப்ப மாமியார் ஜோக் சொல்றேன் மேடம்" என்றான். போய்ட்டு வாங்க சாமி என்று அனுப்பிவிட்டேன்.

மாநாட்டை ஆடியிலேயே வைத்தால் ஹால் வாடகை குறையும் என்று தம்பி பார்த்தார். பெரியவர் கட்டிலில் கிடந்தபடியே கையை ஆட்டிவிட்டாராம். ஆவணிதான். ஆகஸ்ட் 25, ஞாயிறு.

ஜூலை 16, செவ்வாய்

கிடைத்துவிட்டாள். பெயர் ஜெசிந்தா, திருச்சிக்காரி, முப்பத்தெட்டு வயசு இருக்கும். பருத்திப் புடவை, சின்னக் கம்மல். வந்ததும் பேசிக் காட்டவில்லை. "உங்க டீலருங்க பேரெல்லாம் ஒரு தடவை படிங்க மேடம், நீங்க எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டுக்கறேன்" என்றாள். நான் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் அறுபது பேரில் நாற்பது பேரைத் திருப்பிச் சொன்னாள், ஊரோடு. வெள்ளகோவிலையும் கோபியையும் மட்டும் மாற்றிவிட்டாள்.

நான் அசந்துதான் போனேன்.

"கூட்டத்துல ஒருத்தரோட பேரையும் ஊரையும் சரியாச் சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது மேடம். மீதிப் பாதிக்கு எனக்கு ஒரு உதவி வேணும். ஒவ்வொருத்தரப் பத்தியும் ஒரு நல்ல விஷயம் சொல்லுங்க. விருது, வருமானம் எல்லாம் வேண்டாம். அவங்க வீட்டுல பெருமையாப் பேசிக்கற விஷயமா இருக்கணும்."

தம்பி ஐந்து நிமிஷம் பேசிவிட்டு சரி என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

மூன்று நாளாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெசிந்தாவோடு போனில் இதே வேலை. பல்லடத்துக்காரர் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது. உடுமலைக்காரர் ஊர்க் கோயில் தேருக்குச் சக்கரம் செய்து கொடுத்தது. பத்தொன்பது வருஷமாக இந்த ஆட்களோடு போனில் மாரடிக்கிறேன், எனக்குத் தெரியாத வீட்டு விஷயம் உண்டா? சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகமாகிவிட்டது.

அண்ணனைப் பற்றியும் சொன்னேன். என் கூடப்பிறந்த அண்ணன் சென்னியப்பன், தாராபுரம் டீலர். ஒரு பொங்கலன்று வீட்டில் பால் பொங்குவதற்குள் ஒரு விவசாயி ஓடி வந்தார். மோட்டார் போருக்குள் மாட்டிக்கொண்டது, மஞ்சள் பயிர் காய்கிறது என்று. அண்ணன் பட்டு வேட்டியோடு கிளம்பிப் போய், சங்கிலி கட்டி இழுத்துத் தண்ணீர் வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். சேறு படிந்த வேட்டியோடுதான் பொங்கல் சாப்பிட்டார்.

"அருமையா இருக்குக்கா" என்றாள் ஜெசிந்தா. மேடம் போய் அக்கா வந்துவிட்டது. "ஆளு எப்படி? கூச்சப்படுவாரா?"

"கூச்சம்தான். ஆனா நாலு பேரு கைதட்டுனா உருகிப் போயிடுவாரு" என்றேன்.

ஜூலை 29, திங்கள்

சால்வைக்காரன் கலர் மாற்றி அனுப்பியிருக்கிறான். பச்சை கேட்டால் ரோஸ். சண்டை போட்டுத் திருப்பியாயிற்று. தொண்டை கட்டிக்கொண்டது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டுக்குத் தாராபுரம் போனேன். அமராவதியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு. அண்ணன் மட்டும் பாலத்தில் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, தண்ணியப் பாத்து இப்படி மொறைக்கறீங்க?"

"வரட்டும் வரட்டும், நல்லதுதான்" என்றார்.

வீட்டுக்குப் போனால் உட்கார இடமில்லை. குடோன் நிறைந்து, கடை நிறைந்து, வீட்டுக்குள்ளும் எங்கள் கம்பெனி பெட்டிகள். கட்டிலுக்கு அடியில், மாடிப்படியில், சாமி ரூம் ஓரத்தில். அண்ணி நாலு பெட்டியைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் மேடையில் நூற்றிருபது சொன்னார். ஐம்பதுகூடப் போகவில்லை.

அண்ணன் கடைக்குப் போன பிறகு அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மரகதம், வீட்டுப் பத்திரம் பேங்க்ல கெடக்குது. இன்னொரு லோடு வந்து எறங்குச்சுன்னா இந்த வீடு நம்மளுது இல்ல. நாஞ் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிப்புடாத. யாருகிட்டயும் சொல்லிப்புடாத."

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணி பேரை இழுக்காமல், மழை வருஷம், பார்த்துச் சொல்லுங்கள், ஒரு இருபது போதும் என்றேன்.

"இருவதா? காங்கேயத்துக்காரன் எரநூறு சொல்லுவான், நான் அவன் பக்கத்துல நின்னு இருவதுன்னு சொல்லட்டுமா? மேடைய உட்டு எறங்கறதுக்குள்ள சென்னியப்பன் நொடிச்சுப் போயிட்டான்னு பேசீருவாங்க அம்மணி. அப்பறம் எவன் எனக்குக் கடன்ல சாமான் குடுப்பான்?"

"அப்ப வராம இருந்துக்குங்க."

"வராம இருந்தா அதே பேச்சுத்தான்."

அவர் சொல்வதும் நியாயம்தான். மேடைக்குக் கூப்பிட்டால் வீடு போகும், கூப்பிடாவிட்டால் மானம் போகும். இந்த உறுதிச் சடங்கை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, நன்றாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஜெசிந்தா ஹால் பார்க்க வந்தாள். மேடையில் எங்கே நிற்பது, மைக் எங்கே இரையும் என்று நடந்து நடந்து பார்த்தாள். பிறகு கேன்டீனில் வைத்து அண்ணன் விஷயத்தை அவளிடம் கொட்டிவிட்டேன். அண்ணிக்குக் கொடுத்த வார்த்தை போயிற்று. வேறு யாரிடம் சொல்வது?

பொறுமையாகக் கேட்டாள். "என்னைக் கூப்பிட்டதே கூட்டத்தைத் தூக்கறதுக்குத்தான்கா. தூக்குனவங்களை இறக்கி விடுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." நிகழ்ச்சி நிரலைப் புரட்டினாள். "நன்றியுரை யாரு?"

"டீலருங்க சார்பா வருஷா வருஷம் ஒருத்தரு சொல்லுவாரு. பெரிய மரியாதை அது."

"அவரு எல்லாருக்கும் சேத்துப் பேசறவரு. அவருகிட்ட நம்பர் கேக்க மாட்டாங்கள்ல?"

கேட்க மாட்டார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. எனக்கு ஏன் இது தோன்றவில்லை!

"உங்கண்ணனை உறுதியில கூப்பிட மாட்டேன். கடைசில, பொங்கல் கதையச் சொல்லி, மரியாதையா நன்றியுரைக்குக் கூப்பிடறேன். பேசிட்டு, சால்வை வாங்கிட்டு இறங்கிடட்டும். மானமும் இருக்கும், வீடும் இருக்கும்." காபியை எடுத்தவள் என்னைப் பார்த்தாள். "அறுபது பேருல இவரு ஒருத்தருதானாக்கா இப்படி?"

காபி ஆறிவிட்டது, வேறு கொண்டுவரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அண்ணன் முப்பது வருஷ டீலர், இந்தத் தடவை அவருக்கு நன்றியுரை கொடுக்கலாம் என்று தம்பியிடம் சொன்னேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சரி என்றார். அண்ணனுக்குச் சொன்னதும் போனிலேயே குரல் மாறிவிட்டது. "எனக்கா? நன்றியுரையா? நெசமாத்தான் சொல்றயா அம்மணி?" நாலு வரி எழுதிக் கொடு என்றார். எழுதி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 24, சனி

சால்வை வந்தது, பச்சை. தண்ணீர் பாட்டில், பேட்ஜ், பூ எல்லாம் ஹாலுக்குப் போய்விட்டன. கால் வலி.

ஆகஸ்ட் 26, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

ஜெசிந்தாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு தொகுப்பாளரை நான் கண்டதில்லை. கத்தவில்லை, ஆடவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பது மாதிரி ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். "பல்லடத்துல இனிமே இவரை பம்ப்செட் கடைக்காரர்னு கூப்பிட மாட்டாங்க, டாக்டரோட அப்பான்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள். அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையேறினார். நாற்பது சொல்வதாக என்னிடம் சொல்லியிருந்தவர் நூறு என்றார். உடுமலை தேர்ச் சக்கரத்துக்கு நூற்றைம்பது. காங்கேயம் இருநூற்றைம்பது. எல்லாம் நான் போனில் கொடுத்த விஷயங்கள். ஒருத்தரும் பிரியாணிக்கு எழுந்திருக்கவில்லை. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கடைசியில் விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு, பொங்கல் கதையை ஜெசிந்தா சொன்னாள். சேறு படிந்த பட்டு வேட்டி என்ற இடத்தில் ஹால் கப்சிப். "அந்த வேட்டிக்காரர் இங்கதான் உக்காந்திருக்காரு. உங்க எல்லாருக்காகவும் அவரு நன்றி சொல்லுவாரு. தாராபுரம் சென்னியப்பன் ஐயா, வாங்க."

எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அண்ணன் மேடையேறும்போது கால் தடுக்கியது. நான் எழுதிக் கொடுத்த தாள் சட்டைப் பையிலேயே இருந்தது, எடுக்கவே இல்லை.

"எனக்குப் பேச வராதுங்க. சாமான் எடுத்துக் குடுக்கத்தான் தெரியும். முப்பது வருசமா இந்தக் கம்பெனி மோட்டாரத்தான் விக்கறன். மழை பெஞ்சா யாவாரம் இல்லீனு எல்லாரும் மொகத்தத் தொங்கப் போட்டுட்டு இருக்கறோம். மழையத் திட்டலாமுங்களா? பெய்யட்டும்! மழையும் நம்மளுது, மோட்டாரும் நம்மளுது!"

விசில் பறந்தது. காங்கேயத்துக்காரரே எழுந்து கைதட்டினார். என் அண்ணனா இது? போதும், இத்தோடு இறங்கிவிடுங்கள் அண்ணா என்று மனதுக்குள் சொன்னேன். ஜெசிந்தா சால்வையை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

அண்ணன் மைக்கை விடவில்லை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "நன்றி சொல்றவன் வெறுங்கையோட எறங்கக் கூடாதுங்க. எம் பேருல முந்நூறு எழுதிக்குங்க."

ஹாலே அதிர்ந்தது. ஜெசிந்தா ஒரு நொடி என் பக்கம் பார்த்தாள். பிறகு சிரித்தபடி, "தாராபுரம் முந்நூறு!" என்றாள். அதைச் சொல்லத்தானே அவளுக்குச் சம்பளம்.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணனைச் சுற்றி ஆட்கள். முகம் ஜொலித்தது. ஓரத்தில் அண்ணி இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உடை மாற்றும் அறையில் ஜெசிந்தா மேக்கப்பைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "மைக்கை வாங்கிருக்கணும்கா. எனக்குத் தெரியும், வாங்கிருக்கணும். ஆனா அவ்வளவு அழகாப் பேசிட்டிருந்தாரு, கை வரல."

ஆகஸ்ட் 28, புதன்

எந்த வருஷமும் இல்லாத உறுதி என்று தம்பி எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். தாராபுரத்துக்கு முதல் லோடு நாளை. நான் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கிளம்பும். பெட்டி பத்தவில்லை, வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று டிஸ்பேட்சில் சொல்லிவிட்டேன். பெட்டி மலை மாதிரி கிடக்கிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

அண்ணனிடம் காலையில் ஒரு தடவை கெஞ்சிப் பார்த்தேன். "ஆயுத பூஜைக்குள்ள வித்துக் காட்டறன் பாரு" என்கிறார். யாருக்கு விற்பார், ஆற்றுக்கா?

மதியம் தம்பியின் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டி, பேங்கில் உள்ள பத்திரம், எல்லாம்.

"மேடையில சொன்னதைத் திருப்பி எடுத்தா நாளைக்கு அறுபது பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க மரகதக்கா."

"நிக்கட்டும் தம்பி. அவங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலயும் எட்டிப் பாத்துருவோம்."

இப்படிப் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை. சுழல் நாற்காலியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "சரி. முந்நூறையும் நிறுத்தறேன். பழைய சரக்குலயும் பாதியத் திருப்பி எடுத்துக்கறேன். முங்கிப் போன டீலரால எனக்கும் நஷ்டம்தான். ஆனா தாராபுரத்துல இன்னொரு கடைக்கும் டீலர்ஷிப் குடுத்துருவேன். அப்பறம் எங்கிட்ட வந்து வருத்தப்படக் கூடாது."

தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 2, திங்கள்

அண்ணன் போன் செய்தார். கம்பெனியிலிருந்து ஆள் வந்து குடோனில் பெட்டியை எண்ணினானாம். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்களாம்.

"நீதானே சொன்னே?"

"ஆமாண்ணா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"பத்தரம் போனாப் போகுதுன்னுதான் சொன்னேன் அம்மணி. எனக்குத் தெரியாதா? என்ற குடோன்ல எத்தன கெடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அம்பத்தேழு வயசாச்சு. கல்யாணத்தன்னைக்குக்கூட எவனும் எனக்குக் கைதட்டுனதில்ல. அன்னைக்கு ஒரு நாளு எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. அந்த ஒண்ணு இருந்துச்சு எனக்கு. அதையும் வந்து புடுங்கிட்டயே."

வைத்துவிட்டார். நான் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

எடுக்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஜெசிந்தா கூப்பிட்டாள். அடுத்த வருஷ மாநாட்டுக்கும் தம்பி இப்போதே பேசிவிட்டாராம், சம்பளமும் கூட்டித் தருகிறாராம். "வரட்டுமா, வேண்டாமாக்கா? நீங்க சொன்னா வரல." உன் பிழைப்பு, வா என்றேன். அடுத்த வருஷம் யாருடைய வீட்டு விஷயத்தை அவளிடம் சொல்லப் போகிறேன் என்று தெரியவில்லை. பல்லடத்துக்காரர் நேற்று போன் செய்து, நூறில் அறுபதைக் குறைக்க முடியுமா, என் பேரைச் சொல்லாமல் கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 14, சனி

அண்ணி கூப்பிட்டாள். கம்பெனி வண்டி வந்து பெட்டிகளை எடுத்துப் போய்விட்டது, வீட்டுக்குள் நடக்க முடிகிறது என்றாள். அண்ணன் தினமும் கடைக்குப் போகிறாராம். எதிர் வரிசையில் புதுக் கடைக்குப் போர்டு மாட்டுகிறார்களாம்.

"எம் மேல கோவமாவே இருக்காரா அண்ணி?"

"உன்ற பேரை எடுத்தா எந்திரிச்சுப் போயிடறாரு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மரகதம், அன்னைக்கு வீடியோ புடிச்சாங்களே, அதுல அவரு பேசுனது இருக்குமா? அவரு கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

வீடியோக்காரப் பையனிடம் வாங்கினேன். "முந்நூறு சொல்றதுக்கு முன்னாடியே வெட்டிக் குடுத்தரட்டுங்களா மேடம்?" என்றான். ஆபீஸ் முழுக்க விஷயம் தெரிந்திருக்கிறது. வேண்டாம், முழுசாகக் கொடு என்றேன். நம்பரை நான் கம்பெனியில் வெட்டிவிட்டேன். அதிலும் வெட்டினால் அவருக்கு என்ன மிஞ்சும்?

அண்ணிக்கு அனுப்பிவைத்தேன். சாயங்காலம் அவளே திரும்பக் கூப்பிட்டாள். அண்ணன் ஒருதரம் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து மறுபடியும் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறாராம். போன் வழியாக அந்தக் கைதட்டல் எனக்கும் கேட்டது. முந்நூறு என்ற இடம் வருவதற்குள் நான் போனை வைத்துவிட்டேன்.